குழந்தைத் திருமுழுக்கு: வாக்குக் கொடுப்பவர்கள் யார்?

அன்புள்ள ஐயா,

நான் வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். மனைவியுடன் சென்னையில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு ஐந்து மாதமாகிறது. ஊர்க்கோயில் திருவிழாவில் ஞானஸ்நானம் (திருமுழுக்கு) கொடுத்து விருந்து வைக்க வேண்டும், தாய்மாமன்தான் பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்கிறார் அம்மா. அவன் வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்கிறாள் மனைவி. நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போவது அரிது. மைத்துனர் போவதே இல்லை. இங்குள்ள பங்குத்தந்தையோ முதலில் தயாரிப்பு வகுப்புக்கு வரச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் திருமுழுக்கை மிகவும் பொருட்படுத்திப் பேசியிருப்பவர் அவர்தான். ஒன்றும் அறியாத, ஒன்றும் செய்து காட்டாத பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது, அருள் என்பது நாம் சம்பாதிப்பது அன்று, கடவுள் முந்திக்கொண்டு தருவது என்று திருச்சபை அறிக்கையிடுகிறது. மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே சுமந்து வரும் ஜென்மப் பாவத்திலிருந்து விடுதலையும் கடவுளின் பிள்ளை என்னும் உரிமையும் அவனுக்கு அப்போதே கிடைக்கின்றன. அவனுடைய சுதந்திரம் இதனால் பறிபோவதில்லை. வளர்ந்தபின் உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனத்தைப் பெறும்போது, திருமுழுக்கில் தரப்பட்ட அதே வாக்குறுதிகளை அவனே தன் வாயால் புதுப்பிப்பான்.

அதுவரை அவனுக்காக அந்த விசுவாசத்தைச் சுமப்பவர்கள் நீங்கள் இருவரும். பழைய சடங்குமுறையில் கேள்விகள் குழந்தையிடம் கேட்கப்பட, ஞானப்பெற்றோர் அதன் சார்பில் விடை சொன்னார்கள். 1969-இல் வெளியான முறையிலோ, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறோம் என்று உணர்ந்திருக்கிறீர்களா எனக் குருவானவர் பெற்ற தாய் தந்தையரிடமே கேட்கிறார். உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியின் ஒளியைக் காக்கும் பொறுப்பும் ஞானப்பெற்றோரோடு சேர்த்து உங்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. அந்த 'ஆம்' பீடத்தின் முன் சொல்லும் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பங்குத்தந்தை வகுப்புக்கு அழைக்கிறார். அதைத் தடையாக நினைக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்று நம்ப இடமே இல்லையென்றால் தள்ளிவைக்கவும் அதே சட்டம் சொல்கிறது.

1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்ற மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, கற்பிக்க ஆளில்லை என்று வேதனையோடு எழுதினார். பிள்ளைகளோ ஜெபம் கற்றுத் தரும்வரை அவரை உண்ணவும் உறங்கவும் விடவில்லை. கற்பிக்க ஆளில்லாத அந்த நிலை உங்கள் மகனுக்கு வர வேண்டியதில்லை. ஞாயிறு திருப்பலிக்குத் திரும்புங்கள். இரவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஜெபமாலை சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பு பிறகு வரும். முதல் ஆசிரியர்கள் நீங்கள்தான்.

ஞானத்தகப்பன் பதினாறு வயது நிறைந்தவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, அந்தப் பொறுப்புக்கேற்ற விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும். தாய்மாமனுக்குரிய மரியாதை நம் ஊரில் பெரிது; காதுகுத்தின்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் உங்களுக்குத் தளர்ச்சி வரும்போது அவனைக் கோயிலுக்கு அழைத்துப் போகக்கூடியவரை ஞானத்தகப்பனாகத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்டவர் ஒருவர் போதும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

விருந்து வைப்பதில் தவறில்லை. கடன் வாங்க வேண்டாம். திருவிழா தொலைவில் இருந்தால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வழக்கமாகப் பெற்றோரின் பங்குக் கோயிலில்தான் திருமுழுக்கு நடக்கும். ஊரில்தான் கொடுக்க வேண்டுமென்றால், சென்னையிலேயே வகுப்பை முடித்து, உங்கள் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிச் சென்று, ஊர்ப் பங்குத்தந்தையோடு பேசித் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.