ஹெயர்லூம் தக்காளி எண்டா என்ன, கொழும்பில சாடியில வளருமா?

ஹெயர்லூம் எண்டா பரம்பரை வகை, பழத்தில விதை எடுத்து நட்டா தாய்ச் செடி மாதிரியே திரும்பக் காய்க்கும், ஆக்கள் தலைமுறையா விதை கைமாத்திக் காப்பாத்தி வச்சது. தக்காளிப் பூ பெரும்பாலும் தன்ர மகரந்தத்தாலயே காய்க்கிறதால குணம் மாறுறது குறைவு. தயிருக்கு உறை போடுற மாதிரித்தான், நேத்தையத் தயிர்ல ஒரு கரண்டி வச்சா நாளைக்கும் அதே தயிர். எஃப்1 ஹைபிரிட் ரெண்டு வகையைக் கலந்தது, அதிண்ட விதையை நட்டா செடிக்குச் செடி வித்தியாசமா வரும்.

ஹெயர்லூம் கடைத் தக்காளியை விட ருசி எண்டு சொல்லுறது உண்மைதான். கடைக்கு வாற வகையள் கனக்க லொறியில நசுங்காம, கனநாள் கெடாம இருக்கோணும் எண்டு பாத்து உருவாக்கினது, ருசி பிறகுதான். அமெரிக்காவில பேர்போன செரோக்கி பர்பிள் எண்ட ஹெயர்லூம் வகையை வெட்டிப் பாருங்கோ, உள்ள செங்கறுப்பு, காம்புப் பக்கம் பச்சை, தோல் மெல்லிசு, கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் போதும். பிரிட்ஜில மட்டும் வைக்காதீங்கோ, வாசம் போயிடும்.

கொழும்பில உண்மையான பிரச்சினை ராவு வெக்கைதான், 24 பாகைக்குக் கீழ இறங்காட்டி பூ காய் பிடிக்காம கொட்டும், பெரிய பழ வகையளுக்கு இது இன்னும் மோசம், அதால முதல்ல சின்னப் பழ வகை ஒண்டை ஒக்டோபர்ல மழை நேரா அடிக்காத, வெயில் விழுற பல்கனியில போடுங்கோ, டிசம்பர் கடைசியில ராவு கொஞ்சம் குளிரேக்க பூக்கும்.

ஹெயர்லூம் எண்டதும் மருந்தடிக்காத தக்காளி எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்ல, பரம்பரை விதையையும் மருந்தடிச்சு வளர்க்கிற ஆக்கள் இருக்கினம்.