20 பைட் பேக்கப்

கேள்வி: மின்தடையில் சர்வர் திடீரென அணைந்து, மைசீக்வல் டேட்டாபேஸில் சில டேபிள்கள் பழுதாகிவிட்டன. மைசீக்வல்செக் கட்டளையை ரிப்பேர் விருப்பத்துடன் ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, தினமும் இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி கிரான் என்ற நேர அட்டவணையில் போட்டிருக்கிறேன். ஆனாலும் இரண்டு டேபிள்கள் சரியாகவில்லை. ஸ்கிரிப்டில் என்ன பிழை?

பதில்: அது கிரானில் இருப்பதுதான் பிழை. முதலில் அந்த வரியை நீக்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அடம்பிடிக்கும் அந்த இரண்டும் அநேகமாக இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள டேபிள்கள். நீங்கள் போட்ட ரிப்பேர் மைஐசம் போன்ற சில வகைகளுக்குத்தான் பலிக்கும். இன்னோடிபியைக் கண்டால் ‘இதற்கு ரிப்பேர் கிடையாது’ என்று ஒரு குறிப்பைக் கக்கிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடும். எனக்கு அவற்றைவிட, சரியாகிவிட்டதாக நீங்கள் நினைக்கும் டேபிள்களைப் பற்றித்தான் கவலை. படிக்க முடியாத வரிசைகளை ரிப்பேர் கழித்துக்கட்டிவிடக்கூடும். வரிசை எண்ணிக்கை இவ்வளவிலிருந்து இவ்வளவாக மாறியது என்று ஒரே ஒரு எச்சரிக்கை வரும். இரவு 2 மணிக்கு அதை யார் படிக்கிறார்கள்?

மைசீக்வல் சர்வரை நிறுத்துங்கள். டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பழைய டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, கர்னல் லாகில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால் அதன்மேல் எந்த ரிப்பேரும் நிற்காது.

இன்னோடிபிக்கு ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பு இருக்கிறது. மதிப்பு 1 முதல் 6 வரை. 1 வைத்துச் சர்வரைத் தொடங்கிப் பாருங்கள். எழவில்லையென்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்பதால், அதை நகலின்மேல் மட்டும் செய்யுங்கள். சர்வர் எழுந்ததும் எல்லாவற்றையும் டம்ப் எடுத்து, அதாவது எஸ்க்யூஎல் கட்டளைகளாகக் கோப்பில் எழுதி, புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதும் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். மொத்தமாக டம்ப் எடுத்தால், கெட்டுப்போன ஒரு பக்கத்தை (இன்னோடிபி டேட்டாவை வைக்கும் 16 கேபி துண்டை) தொட்டதும் சர்வர் விழுந்து, அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல டேபிள்களும் கிடைக்காமல் போகும். டேபிள் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, லூப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக டம்ப் எடுங்கள். தோற்ற டேபிளின் பெயரைத் தனியே குறித்துவைத்து, சர்வர் மறுபடி எழும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போகும்படி எழுதுங்கள்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். இருந்தாலும் நம்பாதீர்கள். நான் ஒருமுறை டம்பின் வெளியீட்டை, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு நேராகப் பைப் செய்து கிரானில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். கடவுச்சொல் மாறியதில் டம்ப் தினமும் தோற்றது. பைப்பில் கடைசியாக நிற்கும் ஜிஜிப்போ தினமும் ‘வெற்றி’ என்றது. தேவைப்பட்ட நாளில் திறந்து பார்த்தால் மூன்று மாதக் கோப்புகள், ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். வெறும் காற்றை ஜிஜிப் செய்தால் அவ்வளவுதான் வரும். இப்போது என் பாஷ் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் விருப்பம் மேலேயே இருக்கிறது. டம்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று இல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் எனக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும்.