தோள் வலிக்காத பேஸ் கிட்டார்: மலிவான கருவியை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: அண்ணா, வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாடல் வடிவத்தில் நான்கு தந்தி உள்ள மலிவான கிட்டார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் பிய்ந்துபோகும் அளவுக்கு வலிக்கிறது. இடது கையை எடுத்தால் தலைப்பக்கம் கீழே சாய்ந்துவிடுகிறது. தந்திகள் உயரமாக இருப்பதால் விரல் நுனி நோகிறது. சும்மா நிற்கும்போது ஆம்பில் ஓர் இரைச்சல், தந்தியைத் தொட்டால் அடங்கிவிடுகிறது. கறுப்பு பெயிண்ட் ஓரமெல்லாம் உரிந்து பார்க்கவும் நன்றாக இல்லை. கையில் ரூ.3,000 இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்ய வேண்டும். புது பிக்கப் வாங்குவதா, பெயிண்ட் அடிப்பதா, எதை முதலில் செய்யலாம்?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம் தங்கச்சி. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள். அதை மாற்றினால் ஒலி கொஞ்சம் மாறும், தோள் வலி அப்படியேதான் இருக்கும். பெயிண்ட் கடைசி வேலை. துளை போடுவது, மரம் செதுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். முதலில் அடித்துவிட்டால் அதன் மேலேயே டிரில்லை வைக்க வேண்டிவரும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி தோளில் போடும் பட்டைக்கும் புதுத் தந்திக்கும் போகட்டும். மீதி வேலைகளுக்கு அலன் கீயும் (அறுகோண முனையுள்ள திருகுச் சாவி) பொறுமையும் போதும்.

ஒரு காசு செலவழிப்பதற்கு முன்னால் கழுத்தைச் சோதியுங்கள். கழுத்துக்குள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனை தலைப்பக்கத்திலோ, உடல் சேரும் இடத்திலோ தெரியும். சரியான அளவு அலன் கீ போட்டுக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். இதமான இறுக்கத்தோடு திரும்பினால் கழுத்துக்கு உயிர் இருக்கிறது. வழவழவென்று சும்மா சுற்றினாலோ, அசையவே மறுத்தாலோ நிறுத்திவிடுங்கள். அந்தக் கருவிக்கு மேற்கொண்டு செலவு செய்வதைவிட வேறு கழுத்தோ வேறு கிட்டாரோ தேடுவது நல்லது.

ராட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தந்தியைச் சுருதி சேர்த்தபடியே, ஈ தந்தியை (இருப்பதிலேயே தடித்தது) ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மறு கையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். பைக் மெக்கானிக் டாப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்கு அருமையான கருவி. தோழி யாரையாவது அதை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி கூடுதலாக இருந்தால் ராடை வலஞ்சுழியாகவும், இடைவெளியே இல்லையென்றால் இடஞ்சுழியாகவும் கால் சுற்று திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு பிரிட்ஜுக்கு, அதாவது உடலில் தந்திகள் முடியும் இடத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு தந்தியும் உட்கார்ந்திருக்கும் சேடிலில் இரண்டு சின்ன ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றை இறக்கினால் தந்தி இறங்கும். பதினேழாவது ஃப்ரெட்டின் மேல் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஜி தந்திக்கு 2 மி.மீ. இருந்தால் விரலுக்கு இதம், ஒலியும் கறகறக்காது. கடைசியாக நட், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் உட்காரும் பள்ளமுள்ள சின்னத் துண்டு. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி போதும். மலிவான கிட்டார்களில் இதுதான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். முதல் இரண்டு ஃப்ரெட்டில் விரல் நோவதற்குக் காரணமும் இதுதான். நட்டின் பள்ளத்தை ராவுவது மட்டும் பழகிய கைக்கு விட வேண்டிய வேலை. ஒரு தடவை அதிகமாக ராவிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் இடிக்கும், நட்டையே மாற்ற வேண்டிவரும்.

தந்தி மாற்றும்போது 45-105 செட்டுக்குப் பதிலாக, அதைவிட மெல்லிய 40-100 செட் கேளுங்கள். இழுவிசை குறையும், விரலுக்குச் சுகம். இழுவிசை குறைந்தால் கழுத்து கொஞ்சம் நிமிரும், அதனால் ராடை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நம் பக்கத்து வெயிலும் இதில் விளையாடும். மே மாதத்தில் மரம் காய்ந்து கழுத்து நிமிர்ந்துகொள்ளும், முதல் ஃப்ரெட்டுகளில் கறகறப்பு வரும். ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை இழுத்து வளையும், தந்தி உயரும். ஆண்டுக்கு இரண்டு முறை அலன் கீயை எடுப்பது வேலூர்ப் பக்கத்தில் எல்லாக் கிட்டாருக்கும் உள்ள வழக்கம். கோடையில் ஃப்ரெட் நுனிகள் உள்ளங்கையைக் குத்தினால் அதுவும் விரல்பலகை காய்ந்து சுருங்கியதால்தான். பலகை ரோஸ்வுட்டாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வேண்டாம். அவை நாளடைவில் பிசுக்குப் பிடித்து வாடை அடிக்கும்.

இனி தோள். பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. அந்த நீளக் கழுத்தின் முனையில் சுருதி சேர்க்கும் நான்கு பெரிய இரும்புச் சாவிகள். உடலோ, மலிவான கருவிகளில், லேசான மரம். தலை சாயாமல் வேறென்ன செய்யும்? சாயும் தலையை உங்கள் இடது கை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறது. அதனால் மணிக்கட்டு மடங்குகிறது, தோள் இறுகுகிறது. பலர் உடலின் பின்பக்கம் ஈயக்கட்டி ஒட்டச் சொல்வார்கள். தலை நிமிரும், ஆனால் அந்த எடையும் உங்கள் தோளுக்குத்தானே வரும்? அதை நான் சொல்லமாட்டேன். எடை குறைந்த சாவிகள் நல்ல தீர்வு, ஆனால் உங்கள் பட்ஜெட் முழுவதையும் விழுங்கிவிடும்.

உங்கள் ஊருக்குப் பொருத்தமான தீர்வு பட்டைதான். நைலான் பட்டை சட்டென்று வழுக்கும், 5 செ.மீ. அகலம் எடையைத் தோளில் ஒரே கோட்டில் இறக்கும். பேரணாம்பட்டு உங்களுக்குப் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். அங்கே தோல் வியாபாரிகளிடம் 3 மி.மீ. தடிமனுள்ள எருமைத்தோல் துண்டு, 9 செ.மீ. அகலத்துக்குக் கேளுங்கள். நீளத்துக்கு ஒரே துண்டு கிடைக்காவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தைக்கலாம், தையல் தோள்மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழவழப்பான பக்கம் வெளியே, சுரசுரப்பான பக்கம் தோளில் படும்படி இருக்க வேண்டும். அந்தச் சுரசுரப்புதான் உங்கள் உடையைப் பிடித்துக்கொண்டு, தலை சாயாமல் நிறுத்துகிறது. வாங்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் இரு பக்கமும் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் தோல் வேண்டாம். வியர்வையில் உங்கள் உடையில் இறங்கிவிடும்.

இரு முனையிலும் 8 மி.மீ. துளை போட்டு, அதிலிருந்து பட்டையின் நடுப்பக்கம் நோக்கி 12 மி.மீ. கீறல் விடச் சொல்லுங்கள். செருப்புத் தைக்கும் கடையிலேயே முடியும். பட்டையைக் குட்டையாக வைத்து, உட்கார்ந்தாலும் நின்றாலும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கும்படி கட்டுங்கள். கழுத்து தரைக்கு இணையாக இல்லாமல் மேல்நோக்கிச் சரிந்திருக்கட்டும். இடது மணிக்கட்டு தானே நிமிர்வதை அப்போது பார்ப்பீர்கள்.

பட்டையை மாட்டும் பட்டனின் ஸ்குரூ ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால், குடியாத்தத்தில் எங்கே திரும்பினாலும் தீப்பெட்டித் தொழில்தானே, மருந்து இல்லாத வெறுங்குச்சி இரண்டு மூன்றைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டு ஸ்குரூவைப் போடுங்கள். நன்றாகப் பிடிக்கும்.

வலது முழங்கையின் கீழ்ப்பக்கம் கிட்டார் உடலின் ஓரத்தில் அழுந்தினால், ஆசாரியிடம் கொடுத்து அந்த ஓரத்தை அரத்தால் சரிவாக எடுக்கலாம். ஆனால் முதலில் வால்யூம் குமிழ்கள் உள்ள தகட்டைக் கழற்றி உள்ளே ஒயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உடல் ப்ளைவுட்டாக இருந்தால் செதுக்க வேண்டாம், அடுக்கு பிரியும். வெட்டி மிஞ்சிய தோலை மடித்து அந்த ஓரத்தில் ஒட்டினாலே போதும்.

இதையெல்லாம் செய்த பிறகும் விரல்கள் மரத்துப்போனால் அது கிட்டாரின் கோளாறு அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கைப் பக்கத்து நரம்பையும், பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்தால் மணிக்கட்டுப் பக்கத்து நரம்பையும் பார்க்க வேண்டும். தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்ட டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றிய ஊர் வேலூர். பக்கத்திலேயே இருந்துகொண்டு டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரைச்சலுக்கு வருவோம். தந்தியைத் தொட்டால் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது என்று பொருள். குழல்விளக்கு, மின்விசிறி எல்லாம் கிளப்பும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை உங்கள் உடம்பு பிக்கப்புக்கு ஏந்திக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும் உங்கள் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் அடங்குகிறது. இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுதாக ஏற்றிப் பாருங்கள், பல ஜாஸ் பேஸ்களில் பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும். மிச்சத்துக்கு, பிக்கப் குழிகளிலும் கன்ட்ரோல் குழியிலும் செப்புப் பட்டை ஒட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சால்டர் வைத்து, அங்கிருந்து ஒரு ஒயரை வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள உலோகப் பாகம்) ஒன்றின் முதுகில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பாகத்தின் கால்கள் செப்பில் படாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று அடித்தால், அன்றைக்கே வாசிப்பதை நிறுத்துங்கள். அது ஆம்ப், மிக்சர், கட்டடம் மூன்றில் எங்கோ எர்த் இல்லை என்பதன் அடையாளம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆலயத்தின் எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தாலும் இப்படி ஆகும். தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி பொறுப்பில் இருக்கும் அண்ணனிடம் தயங்காமல் கேளுங்கள். இது உயிர் விஷயம்.

கடைசியாக அழகு. பெயிண்டைச் சுரண்டி மரநிறத்தைக் கொண்டுவரலாம் என்று ஆசைப்படாதீர்கள். மலிவான உடல்கள் பல துண்டுகளை ஒட்டிச் செய்தவை, கறுப்புக்கு அடியில் பட்டியும் ஒட்டுக்கோடும்தான் தெரியும். எனக்கு உங்கள் ஊர் கைலியின் மேல்தான் கண். அதை உடலின் முன்முகத்தில் ஒட்டிவிடலாம். இதற்கு முன்னோடி உண்டு. 1968-இல் ஃபெண்டர் நிறுவனமே பூப்போட்ட காகிதத்தை டெலிகாஸ்டர் கிட்டாரிலும் பேஸிலும் ஒட்டி விற்றது. குடியாத்தம் கட்டம் போட்ட பருத்திக் கைலி அதைவிட அழகாக இருக்கும்.

துணியை முதலில் துவைத்துக் கஞ்சியையும் உதிரும் சாயத்தையும் எடுத்துவிட்டு, இஸ்திரி போடுங்கள். கழுத்தையும் உள்பாகங்களையும் கழற்றி, உடலின் முன்முகத்தை 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேயுங்கள். கறுப்பின் மேல் துணி மங்கித் தெரியும், அதனால் வெள்ளை ப்ரைமர் ஒரு கோட் வேண்டும். பிறகு மரப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவி, துணியை விரித்து, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஜாஸ் பேஸின் உடல் ஒரு பக்கம் இழுத்த வடிவம். கட்டங்களை உடலின் ஓரத்துக்கு நேராக வைத்தால், தந்தி மாட்டியதும் கோணலாகத் தெரியும். கழுத்துக் குழியின் நடுவிலிருந்து பிரிட்ஜின் நடுவரை ஒரு நூல் கட்டி, கைலியின் ஒரு கோட்டை அந்த நூலோடு சேர்த்து வையுங்கள். இரவு முழுக்கக் காய்ந்தபின் ஓரத்தைப் புது பிளேடால் வெட்டி, மேலே இன்னொரு முறை நீர்த்த பசை பூசி மூடுங்கள். முதலில் ஒரு ப்ளைவுட் துண்டில் இதையெல்லாம் செய்து பார்ப்பது நல்லது.

மேலே அடிக்கும் க்ளியர் கோட்டை (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வீட்டில் செய்ய வேண்டாம். கார் பெயிண்ட் கடைகளில் அடிக்கும் இரண்டு பாகக் கலவையில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. சரியான முகக்கவசம் போட்டு அடிக்கும் பெயிண்டரிடம் கொடுங்கள். கழுத்துக் குழியை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். அங்கே க்ளியர் படிந்தால் கழுத்து முன்போல உட்காராது, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த தந்தி உயரம் எல்லாம் மாறிவிடும். பெயிண்ட் வாடை முழுதாகப் போகும்வரை எதையும் மாட்டாதீர்கள்.

இந்த க்ளியர் வேலை மழைக்காலத்தில் சரிவராது. காற்றில் ஈரம் இருந்தால் மேற்பரப்பு மங்கி வெள்ளை பூத்துவிடலாம். அதனால் தந்தி, பட்டை, செப்புப் பட்டை மூன்றையும் இப்போதே முடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு உரிந்த கறுப்போடேயே வாசியுங்கள். கைலியை மாசியில் ஒட்டலாம்.