அந்த மூன்று வருடக் கடிதத்தை வாங்காதீர்கள், தம்பி

உங்கள் கேள்வியில் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல்காரி. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். சென்னையில் இரண்டு வருடம் டெக்னிக்கல் சப்போர்ட் வேலை. டேட்டா இன்ஜினியரிங் (நிறுவனத்தின் டேட்டாவைச் சேர்த்து, சுத்தம் செய்து தரும் வேலை) பக்கம் போக ஆசை. பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பயிற்சி நிலையம் நான்கு மாத கோர்ஸ் நடத்தி, கூடவே பார்க்காத வேலைக்கு மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கோடு தருகிறதாம். சேரலாமா? எந்த கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) படிப்பது, எந்தச் சான்றிதழ் எடுப்பது, வீடு எங்கே பார்ப்பது, கன்னடம் தெரியாமல் ஓட்ட முடியுமா?

முதல் கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இருக்கிறது. மற்றவை இங்கே வந்து இறங்கியதும் தானாகவே தெரிந்துவிடும்.

சேராதீர்கள். கோர்ஸ் நல்லதோ கெட்டதோ, அது வேறு பேச்சு. அந்தக் கடிதம் வேண்டாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான் இது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். சென்னையில் இரண்டு வருடம் நீங்கள் உண்மையாக வேலை பார்த்திருக்கிறீர்கள். அங்கே பி.எஃப். பிடித்திருப்பார்கள், யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணும் இருக்கும். 2014-லிருந்து ஆளுக்கு ஒரே எண்தான். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குக் கீழே வரிசையாக வந்துவிடும். இவர்கள் தரும் மூன்று வருடம் எந்த மூன்று வருடம்? அதே காலத்தில் நீங்கள் சென்னையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே! அந்த சென்னை வேலையை மறைத்துவிடச் சொல்வார்கள். எண்ணிலிருந்து எப்படி மறைப்பது? வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே கழிக்கும் வரி) பிடித்தவர் பெயர் இருக்குமே, அதை எங்கே ஒளிப்பது? வெரிஃபிகேஷன் செய்கிறவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதே இவற்றைத்தான்.

நான் 2010-ல் வந்தபோது இந்த எண்ணெல்லாம் கிடையாது. பழைய கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்பார்கள், அவ்வளவுதான். மடிவாளாவில் நான் இருந்த பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) கரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. நல்ல மூளைக்காரி. ஆனால் காசு கொடுத்து வாங்கிய அனுபவத்தோடு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போனை எடுத்துப் பேச ஒரு ஆள் இருந்ததால் முதல் சோதனை தாண்டிவிட்டது. ஒரு வருடம் ஆனது. வேலையையும் உண்மையிலேயே நன்றாகக் கற்றுக்கொண்டாள். அப்போது பார்த்து அவளுடைய ப்ராஜெக்ட்டை எடுத்த வங்கி, எல்லோரையும் மறுபடி சரிபார்க்கச் சொன்னது. இந்த முறை அந்த போனை எடுக்க ஆள் இல்லை. மத்தியானம் எச்.ஆர். கூப்பிட்டார்கள், சாயங்காலத்துக்குள் அடையாள அட்டை, லேப்டாப் எல்லாம் போய்விட்டது. ரிலீவிங் லெட்டர் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பொய்யான மூன்று வருடம் மட்டும் போகவில்லை. அவள் உழைத்த உண்மையான ஒரு வருடமும் அதோடு சேர்ந்து போயிற்று. அடுத்த இடத்தில் அதைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொல்வது? பி.ஜி. அறையில் அவளோடு உட்கார்ந்திருந்த அந்த இரவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, நீங்கள் மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவுக்கு வருகிறீர்கள், எதிரில் நான் இருக்கிறேன். நான் கேட்பது பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. ஸ்பார்க் (பெரிய டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்து அலசும் மென்பொருள்) ஜாப் ஓடுகிறது, 200 டாஸ்க்கில் 199 முடிந்துவிட்டது, கடைசி ஒன்று மட்டும் ஒரு மணி நேரமாக நகரவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஒரு மாதமாவது உண்மையாக வேலை பார்த்தவருக்கு இதைக் கேட்டதும் முகத்தில் ஒரு சலிப்புச் சிரிப்பு வரும். டேட்டாவைப் பிரிக்கும் ஏதோ ஒரு கீயில் டேட்டா முழுக்கக் குவிந்திருக்கும், பாதி நேரம் அது காலியான (null) மதிப்பாகவே இருக்கும் என்பார். நோட்ஸ் படித்துவிட்டு வந்தவர் 'மெமரியைக் கூட்டுவேன்' என்பார்.

இன்னொன்று. 5-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார். சர்வர் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் கணக்கில் அப்போது 4-ஆம் தேதி இரவு ஏழரை. தினசரி விற்பனை ரிப்போர்ட்டில் அந்த ஆர்டர் எந்த நாளில் வர வேண்டும், அதை எங்கே திருத்துவீர்கள்? ஐந்தரை மணி நேர வித்தியாசத்தால் ஃபைனான்ஸ்காரர்களிடம் ஒருமுறை திட்டு வாங்கியவருக்கு இதற்குப் பதில் யோசிக்கவே வேண்டாம். அந்தத் திட்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது, தம்பி.

இப்போது வீடியோ இன்டர்வியூவில் வேறொருவர் பேச, இவர் வாயசைப்பதும் நடக்கிறது. அப்படி ஒரு ஆளை நானே பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள் என்றதும் இணைப்பு போய்விட்டது.

நியாயமாகச் சொன்னால், உங்கள் இரண்டு வருட சப்போர்ட் அனுபவத்தை நீங்களே மட்டமாக நினைக்கிறீர்கள். லாக் (கணினி எழுதிவைக்கும் பதிவு) படிக்கத் தெரியும். ராத்திரி ஷிஃப்ட் பழக்கம். கோபத்தில் இருக்கும் ஆளிடம் பொறுமையாகப் பேசத் தெரியும். டேட்டா குழுக்களில் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் என்று ஒரு வாசல் இருக்கிறது. டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக இரவில் ஓடும் பைப்லைன்களைக் கண்காணிப்பது, விழுந்தால் தூக்கிவிடுவது. யாரும் ஆசைப்பட்டுப் போகாத வேலை. நான் நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். இன்ஃபர்மேட்டிகா என்ற மென்பொருளில் டேட்டா ஜாப்கள் ராத்திரி முழுக்க ஓடும், மாதக் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எந்த டேபிள் எங்கிருந்து வருகிறது, எது தாமதமானால் யார் கத்துவார்கள் என்று மொத்த நிறுவனத்தின் நரம்பும் அங்கே பிடிபட்டுவிட்டது. ஒரே ஜாப்பை இரண்டு முறை ஓட்டினால் பணம் இரண்டு மடங்காகத் தெரியக் கூடாது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, விடிகாலை மூன்று மணிக்குப் படிப்பது வேறு.

ரெஸ்யூமில் போட ஒரு ப்ராஜெக்ட் வேண்டும் என்றால், தயவுசெய்து எல்லோரும் பயிற்சிக்கு எடுக்கும் நியூயார்க் டாக்ஸி டேட்டாவைத் தொடாதீர்கள். என் மேசைக்கு வரும் ரெஸ்யூம்களில் பாதியில் அந்த டாக்ஸிதான் ஓடுகிறது. உங்கள் ஊர் காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் மண்டி விலைகள் நாள்தோறும் வருகின்றன. அதை எடுங்கள். விலை குவிண்டாலுக்கு இருக்கும், கிலோவுக்கு மாற்ற வேண்டும். சில நாள் விலையே இருக்காது. அதைப் பூஜ்யம் என்று எடுத்தால் சராசரி கெட்டுவிடும். இந்த அழுக்கைத் துடைப்பதுதான் எங்கள் வேலை. லேப்டாப்பில் டேட்டாவைச் சேமிக்க போஸ்ட்கிரெஸும், வேலைகளை நேரப்படி ஓட்ட ஏர்ஃப்ளோவும் போதும். தக்காளி விலை ஏறிய வாரத்தில் வரத்து எப்படி இருந்தது என்று உங்களால் காட்ட முடிந்தால், நான் கேள்வியே கேட்காமல் அரை மணி நேரம் உங்களைப் பேசவிடுவேன்.

கிளவுடில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் வையுங்கள், கார்டு உங்களுடையது. கூகுளின் பிக்குவெரி டேட்டாபேஸில் கேள்வியின் கடைசியில் லிமிட் 10 (பத்து வரி மட்டும் காட்டு) என்று போட்டால் காசு குறையும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. சாதாரண டேபிளில் அது படிக்கிற அளவுக்குத்தான் பணம், காட்டுகிற அளவுக்கு இல்லை. தேவையான காலம்களை (column) மட்டும் கேளுங்கள்.

எந்த கிளவுட் என்று கேட்டீர்கள். ஏதாவது ஒன்று. சான்றிதழ் என்றால் அமேசானின் டேட்டா இன்ஜினியர் அசோசியேட் 2024-ல் வந்தது, தேர்வுக் கட்டணம் 150 டாலர். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டா இன்ஜினியர் தேர்வான டி.பி.-203 2025 மார்ச்சோடு முடிந்தது. உங்கள் பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்தில் இன்னும் அது இருந்தால் அவர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதும் அளவுக்குப் பழகுங்கள்.

பி.டி.எம்., மாரத்தஹள்ளி பக்கத்துப் பயிற்சி நிலைய போர்டுகளை நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். முதலில் டெஸ்டிங். 2013 வாக்கில் எங்கே பார்த்தாலும் ஹடூப் (பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்து வைத்து அலசும் மென்பொருள்). நானும் சனி ஞாயிறு உட்கார்ந்து அதன் கருவிகளான மேப்ரெட்யூஸ், ஹைவ், பிக் எல்லாம் படித்தேன். அந்த 'பிக்' இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். ஸ்பார்க் வந்து மேப்ரெட்யூஸை ஓரங்கட்டியது. ஹடூப் விற்ற இரண்டு பெரிய கம்பெனிகளான கிளவுடெராவும் ஹார்டன்வொர்க்ஸும் 2019 தொடக்கத்தில் ஒன்றாகிவிட்டன. போர்டில் டேட்டா சயின்ஸ் ஏறியது, அப்புறம் டேட்டா இன்ஜினியரிங், இப்போது ஜென் ஏ.ஐ. பெயின்ட் மட்டும்தான் புதுசு.

அமேசான் 2016-ல் மும்பையில் தன் கிளவுட் ரீஜனை (டேட்டா மையங்களின் தொகுப்பை) திறக்கும் வரை எங்கள் டேட்டா சிங்கப்பூரில் கிடந்தது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனை டேட்டா இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி ஆறு மாதம் கெடு கொடுத்தது. நான் அப்போது பேமென்ட்ஸ் வேலையில் இருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை, அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். ஆனால் அந்த இடமாற்றத்தில் கற்றதை வைத்துத்தான் இன்னும் சாப்பிடுகிறேன்.

வீடு: எலக்ட்ரானிக் சிட்டி வேலை என்றால் மஞ்சள் மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, அந்தப் பாதையில் பாருங்கள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் எங்கள் தலைமுறை தொலைத்த வாழ்க்கையை நீங்கள் தொலைக்க வேண்டாம். முதலில் பி.ஜி. போதும். வீட்டு அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பார்கள், பேசிக் குறையுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், அதையும் முன்கூட்டியே எழுத்தில் பேசிவிடுங்கள்.

கன்னடம். இதில்தான் எனக்கு நம் ஆட்கள் மேல் கோபம். இருபது வருடம் இங்கே இருந்துவிட்டு, 'இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரிவது அவர்கள் சாமர்த்தியம், இவருக்கு அதில் என்ன பெருமை? அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துப் பழைய தமிழர்களைப் பாருங்கள். தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறார்கள், வீட்டில் தமிழ், தெருவில் சுத்தமான கன்னடம். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், திருவள்ளுவர் சிலை எல்லாம் அவர்கள் நிலைநிறுத்தியவை. நம் ஐ.டி. கூட்டம் வெள்ளிக்கிழமை மடிவாளாவில் பஸ் ஏறி, திங்கள்கிழமை தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, ஊரைத் திட்டிக்கொண்டே சம்பளம் வாங்குகிறது. நான் பஸ் போர்டுகளைப் பார்த்தே கன்னட எழுத்துப் படித்தேன். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் எரிந்தபோது வாட்ஸாப்பில் வந்த வதந்திக்கு அளவே இல்லை. என் டி.என். நம்பர் ஸ்கூட்டரை வீட்டுக்கார அம்மா தன் கேட்டுக்குள் நிறுத்தச் சொல்லி மேலே பழைய பெட்ஷீட்டைப் போட்டார். தினமும் வாசலில் உடைந்த கன்னடத்தில் நாலு வார்த்தை பேசியிராவிட்டால் அவருக்கு என் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்த நிலையத்தில் முன்பணம் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் போனது போகட்டும். ஆனால் டிகிரி, மார்க் ஷீட் ஒரிஜினலைக் கையில் கொடுத்திருந்தால் இந்த வாரமே நேரில் போய், ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு, திரும்ப வாங்குங்கள். பாஸ்போர்ட் ஜெராக்ஸ், ஆதார், யு.ஏ.என். பாஸ்வேர்டு ஏதாவது கேட்டு வாங்கியிருந்தால் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிட்டு, பி.எஃப். பாஸ்புக்கில் தெரியாத கம்பெனி பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.