முகலாயச் சிற்றோவியங்களில் ஆண்களின் உடை எதையாவது உணர்த்துகிறதா, வெறும் அலங்காரமா?

நிறையவே உணர்த்துகிறது. முதலில் ஜாமா என்ற நீண்ட மேலங்கி எந்தப் பக்கம் முடியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக முஸ்லிம்கள் வலது அக்குளின் கீழும், இந்துக்கள் இடது அக்குளின் கீழும் நாடாவை முடிந்தார்கள். ஓவியத்தில் பெயர் எழுதாத ஒரு பிரபு ராஜபுத்திரரா என்று ஊகிக்க இந்தச் சின்ன முடிச்சு பெரிய உதவி.

எனக்கு மிகப் பிடித்தது காதுமுத்து. 1614-இல் அஜ்மீரில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் நோய்வாய்ப்பட்டார். குணமானதும் சூஃபி ஞானி குவாஜா முயீனுத்தீன் சிஷ்திக்கு நன்றிக்கடனாகக் காது குத்தி முத்து அணிந்தார். அதைத் தன் நினைவுக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். உடனே அரசவையினர் பலரும் காது குத்திக்கொண்டார்கள். பக்தியாகத் தொடங்கியது, பேரரசர் மீதான விசுவாசத்தின் அடையாளமும் ஆகிவிட்டது. அதனால் அவர் காதில் முத்து இருந்தால், அந்தப் படம் பெரும்பாலும் 1614-க்குப் பிந்தியது.

அப்புறம் ஜாமாவின் கீழ்விளிம்பு. அது கூர்முனைகளாகத் தொங்கினால் அக்பர் காலத்தை நினைக்கலாம். இடுப்புக்கச்சையின் முனைகளில் பூச்செடிகள் வரிசையாக இருந்தால் ஷாஜஹான் காலம். ஆனால் பழைய அரசர்களைப் பிற்காலத்திலும் வரைந்தார்கள்; உடையை மட்டும் வைத்து ஆண்டை முடிவுசெய்ய வேண்டாம்.