கிட் களஞ்சியத்தை எல்லோரும் படிக்க மட்டும் திறப்பது எப்படி?

மதுரையில் உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் லாகின் இல்லாமல் குளோன் செய்ய (முழுதாக நகலெடுக்க) வேண்டும், யாராலும் புஷ் செய்ய (மாற்றங்களை ஏற்ற) முடியக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னணியில் ஓடி களஞ்சியத்தைப் பகிரும் நிரலான கிட் டீமனே போதும், போர்ட் 9418. புஷ்ஷை ஏற்கும் ரிசீவ்-பேக் அதில் இயல்பாகவே அணைந்திருக்கும், அதைத் தொடாதீர்கள்.

டீமனுக்குத் தனி யூசர் உருவாக்கி, ரெப்போவை, அதாவது களஞ்சியத்தை, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கிட்டின் புதிய பதிப்புகளில், ரெப்போவின் உரிமையாளர் வேறு யூசர் என்று குளோன் மறுக்கப்படலாம். டீமன் யூசரின் கிட் அமைப்பில், நம்பகமான பாதைகளைக் குறிக்கும் சேஃப்-டைரக்டரியில் (safe.directory) ரெப்போவின் பாதையைச் சேர்த்தால் சரியாகும்.

திறக்கவேண்டிய ரெப்போவில் மட்டும் 'கிட்-டீமன்-எக்ஸ்போர்ட்-ஓகே' (git-daemon-export-ok) என்ற காலிக் கோப்பை வையுங்கள். எல்லா ரெப்போவையும் திறக்கும் 'எக்ஸ்போர்ட்-ஆல்' (--export-all) விருப்பம் வேண்டவே வேண்டாம். தேர்வு விடைகள் உள்ள ரெப்போவும் சேர்ந்து திறந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது ரெப்போவின் பழைய மாற்றங்களின் வரலாற்றில்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நேற்று அழித்திருந்தாலும் பழைய கமிட்டில் (முன்பு பதிவான பதிப்பில்) அது அப்படியே கிடக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு திறங்கள்.

இந்த இணைப்பில் குறியாக்கம் கிடையாது. வளாகத்துக்கு வெளியே என்றால் எச்டிடிபிஎஸ் வழியே கொடுங்கள்.