இரண்டு அங்குலம் உயர்த்தினால் கல் இடிக்காதா?

கேள்வி: ஏற்காட்டிலுள்ள எங்கள் காப்பித் தோட்டத்துக்குத் தார்ச்சாலை முடிந்தபின் மூன்று கிலோமீட்டர் கற்பாதையில் போக வேண்டும். மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன். மழையில் பாதை அரித்துப் போனதிலிருந்து அடிப்பாகம் இருமுறை கல்லில் மோதிவிட்டது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, 235/75 ஆர்15 டயர் மாட்டினால் தொல்லை தீரும் என்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா?
— வாசகர், சேலம்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சிராய்ப்பு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரங்கள்) கூட்டில் இருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சுகள்; ஸ்பிரிங் அந்த அச்சுக்கு மேலே உள்ள சட்டத்தையும் (சேஸிஸ்) வண்டியின் உடற்கூட்டையும்தான் தூக்குமே தவிர, அச்சைத் தூக்காது. அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வது டயரின் ஆரம் மட்டுமே. சிராய்ப்பு இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள வயிற்றுப் பகுதியிலோ பம்பரின் கீழ் விளிம்பிலோ இருந்தால் மட்டுமே பட்டறைக்காரர் சொல்லும் உயர்த்தலுக்குப் பொருள் உண்டு.

இனி டயர் கணக்கு. நிறுவனம் தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ.; 235/75 டயருக்கு 733 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ. என்றாலும், அச்சுக்குக் கிடைப்பது அதில் பாதியான 20 மி.மீ. மட்டுமே. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை கொஞ்சமன்று. டயர் விட்டம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றே குறைவாகக் கூடுவதால் ஒவ்வொரு கியரிலும் அந்த அளவுக்கு இழுவை குறைந்துவிடும், 1.5 லிட்டர் எஞ்சினுடன் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவருக்கு இது உடனே தெரியும். ஸ்பீடாமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைத்தே காட்டும். அசல் ரிம்மின் அகலம் 5.5 அங்குலம், 235 அகல டயருக்கு ஆறு அங்குலமாவது வேண்டுமென்பதால் ரிம்மும் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து வாங்க வேண்டும். கனமான அந்த ஐந்தாவது சக்கரம் பின் கதவின் கீல்களில்தான் தொங்கும். பட்டறையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

உயர்த்துவதிலும் இதே கதைதான். சட்டம் மேலே போகும்போது அச்சைப் பிடித்திருக்கும் கைகள் சாய்ந்து, முன் சக்கரங்களின் காஸ்டர் கோணம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அந்தக் கோணத்தால் வருவது. குறுக்கே பிடிக்கும் பான்ஹார்டு தண்டு அச்சை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். பிரேக் குழாய்களின் நீளம், ஷாக் அப்சார்பரின் வீச்சு, புரொபெல்லர் தண்டின் கோணம் என எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஜீப்பில், பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போட்டு உயர்த்திக்கொண்டேன். காடு மேட்டில் கம்பீரமாகத்தான் நின்றது, ஆனால் நேரான நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை ஒரு நொடிகூட விட முடியவில்லை. மூன்றே வாரத்தில் பழைய ஷேக்கிளை மாட்டினேன்.

சட்டப்படி என்ன நிலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

உங்கள் மூன்று கிலோமீட்டருக்கு நான் செய்யக்கூடியது வேறு. பக்கச்சுவர் தடித்த ஆல்-டெரெய்ன் வகை டயரை அசல் அளவிலேயே வாங்குவேன். சேற்றுக்கான மட் டயர் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும், இரைச்சலும் அதிகம். டிஃபரன்ஷியலுக்கு அடியில் இரும்புக் காப்புத் தகடு போடுவேன். தார்ச்சாலை முடியும் இடத்தில் காற்றைக் கால் பங்கு குறைத்து, 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, திரும்பும்போது சிறிய கம்ப்ரசரால் மீண்டும் நிரப்புவேன். கல்லை இரு சக்கரங்களுக்கும் நடுவே விடாமல் ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால், அந்தப் பக்கம் அச்சும் சேர்ந்து உயரும். தோட்டத்து ஆட்கள் இருவர் அரை நாள் கடப்பாரை பிடித்தால் தீரும் கற்களும் இருக்கக்கூடும்.

கேள்வி: என் மஹிந்திரா தார் வண்டியில் ஸ்நார்க்கல் பொருத்தினால் காட்டாற்றைக் கடக்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: தார் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்பது நிறுவனக் கணக்கு. ஸ்நார்க்கல் எஞ்சின் மூச்சிழுக்கும் வாயை மட்டுமே உயர்த்துகிறது. மின் இணைப்புகளும் ஆல்டர்னேட்டரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காட்டாற்றில் ஆழத்தைவிட அஞ்ச வேண்டியது இழுப்பு. முழங்கால் அளவுக்கு மேல் கலங்கி ஓடும் நீரில் இறங்காதீர்கள். இறங்கி வந்திருந்தால், மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

கேள்வி: சேற்றில் சிக்கும் நண்பர்களை இழுக்கச் சங்கிலி வாங்கலாமா, கயிறா?
— வாசகர், தேனி

பதில்: வெட்டி இழுப்பதற்குச் சங்கிலி வேண்டாம், நீளாத பொருளில் விழும் அதிர்ச்சி முழுவதும் கொக்கியைத் தாக்கும். நைலானால் ஆன மீள்தன்மையுள்ள மீட்புக் கயிறு வாங்குங்கள். அதைச் சட்டத்தோடு இறுக்கிய மீட்பு வளையத்தில் மட்டுமே மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் மாட்டினால், அது முறிந்து பீரங்கிக் குண்டுபோலப் பாயும். இப்படி உயிர் போனதுண்டு. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.